நார்க் கயிறு: வாங்கிய நாள் முதல் உரக்குழி வரை

கடைக்குப் போய்க் கயிறு கேட்டால் இப்போதெல்லாம் முதலில் எடுத்து நீட்டுவது நைலான் கயிறு. தென்னங்கயிறு வேண்டும் என்று தனியாகச் சொன்னால்தான் உள்ளேயிருந்து வரும். அப்படிக் கேட்டு வாங்குகிறவர்களிலும் பலர் ஒரு மழைக்காலம் முடிந்ததும், "நார்க் கயிறு உழைக்கவே மாட்டேங்குது, மக்கிப் போயிடுது" என்று அலுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பழியைக் கயிற்றின் மேல் போடுவது நியாயமில்லை என்பது என் எண்ணம். நைலானை மழையில் விட்டாலும் மூட்டையாகக் கட்டி மூலையில் போட்டாலும் அது பொறுத்துக்கொள்ளும். நார்க் கயிறு செடியின் உடம்பிலிருந்து வந்தது. ஈரத்தைக் குடிக்கும், உப்பும், காயும், பூஞ்சைக்கு இரையாகும். அந்தக் குணங்களை அறிந்து பழகினால் ஒரே கயிறு கிணற்றடியில் தொடங்கி, துணிக்கொடி, பந்தல், பாத்திரம் தேய்க்கும் நார் என்று பல வேலை பார்த்துவிட்டு மண்ணுக்குப் போகும்.

நார்க் கயிற்றில் வகைகள் பல. தேங்காய் மட்டையிலிருந்து தென்னை நார். தண்டின் பட்டையிலிருந்து சணல், சணப்பு, புளிச்சை. இலையிலிருந்து கற்றாழை நார். ரயில் கற்றாழை என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்தச் செடி. பூக்கட்ட வாழைநார், கட்டில் பின்னப் பனையின் அகணி நார். பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாக் கயிறும் ஒரு வகை வாழையின் நார்தான். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விஷயங்களைச் சொல்கிறேன். உதாரணத்துக்குத் தென்னங்கயிற்றையே அதிகம் எடுத்துக்கொள்கிறேன். பொள்ளாச்சியும் ஆலப்புழையும் பக்கத்திலேயே இருக்கும்போது வேறு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை.

முதலில் ஒரு சின்னச் சோதனை. சந்தையில் சணல் நிறத்திலும் தென்னங்கயிறு நிறத்திலும் பிளாஸ்டிக் கயிறு வருகிறது. நுனியில் ஒரு இழையைப் பிரித்துக் குறட்டில் பிடித்து நெருப்பு காட்டுங்கள். நார் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டி உருண்டையாக நிற்கும். கீழே சொல்லப்போகும் எதுவும் இரண்டாவது வகைக்குப் பொருந்தாது.

முறுக்குதான் பிடிமானம்

ஒரு தென்னை நாரை உருவி நீட்டிப் பாருங்கள். ஒரு சாண் இருக்கும். சிலது அதற்குச் சற்று மேலே போகும். இவ்வளவு குட்டையான நார்கள் சேர்ந்து நூறு அடிக் கயிறாக எப்படி நிற்கின்றன? பசை கிடையாது, முடிச்சும் கிடையாது. நாரை ஒரு பக்கமாக முறுக்கி இழையாக்குகிறார்கள். இழைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால் புரி. புரிகளை மறுபடி திசை மாற்றி முறுக்கினால் கயிறு. இழை தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும். அதற்கு எதிராகச் சுற்றியிருக்கும் புரி விடாது. இழுக்க இழுக்க நார்கள் நெருங்கி உராய்ந்து இன்னும் இறுகும். கயிற்றின் வலு முழுக்க இந்த உராய்வில் இருக்கிறது.

பராமரிப்பில் பாதி இதிலிருந்தே வந்துவிடும். நார் அறுபடக் கூடாது, முறுக்கு குலையக் கூடாது, அவ்வளவுதான். புதுச் சுருளை வெளிப்பக்கத்து நுனியைப் பிடித்து விறுவிறுவென்று இழுத்தால் முறுக்கு தாறுமாறாகி ஆங்காங்கே கண்ணிபோல் மடங்கிக்கொள்ளும். சுருளின் உள்பக்கத்து நுனியை எடுத்து மெதுவாக உருவினால் அந்தத் தொல்லை குறைவு. கண்ணி விழுந்துவிட்டால் இழுத்து நேராக்கவே கூடாது. கயிற்றைக் கையில் உருட்டி முறுக்கை எதிர்த்திசையில் தளர்த்தி விட்டால் தானே விரியும். இழுத்து நேராக்கிய இடத்தில் உள்ளே நார் முறிந்திருக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது, பாரம் ஏறும் நாளில் அந்த இடத்தில்தான் அறும். வேலை முடிந்து சுற்றி வைக்கும்போதும் முறுக்கு ஓடும் திசையோடு ஒத்துப்போகும்படி பெரிய வட்டமாகச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் கயிறே உங்கள் கையோடு சண்டை போடும்.

மணலில் இழுத்துப் போவதும் கெடுதல். பொடிமணல் புரிகளுக்கு இடையே புகுந்துகொண்டு, ஒவ்வொரு இழுப்பிலும் நாரை உள்ளிருந்து அறுக்கும்.

நனைவதும் காய்வதும்

தென்னங்கயிறு பிறப்பதே தண்ணீரில். கேரளத்தின் உப்பங்கழிகளில் பச்சை மட்டையை 6 முதல் 10 மாதம் வரை ஊறப்போடுவார்கள். நாரை ஒட்டவைத்திருக்கும் சதைப்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும்; நார் மட்டும் மிஞ்சும். அதை அடித்து உலர்த்தித் திரிப்பதுதான் வெளிர்நிறக் கயிறு. பொள்ளாச்சிப் பக்கம் பெரும்பாலும் முற்றிய மட்டையை இயந்திரத்தில் கொடுத்துப் பழுப்பு நாராக எடுக்கிறார்கள். எப்படி எடுத்தாலும் தென்னை நாரில் லிக்னின் என்ற பொருள் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. மரத்துக்குக் கெட்டித்தன்மை தருவதும் இந்த லிக்னின்தான். நுண்ணுயிர்களால் அதை எளிதில் செரிக்க முடியாது. சணலில் லிக்னின் ஏறக்குறைய 12 சதவீதம். பருத்தியில் அநேகமாக இல்லை. சணல் தண்டையும் தண்ணீரில் ஊறவைத்துத்தான் நார் எடுக்கிறார்கள், ஆனால் இரண்டு மூன்று வாரம்தான். அதைத் தாண்டி விட்டால் நாரே நலிந்துவிடும்.

அப்படியானால் தென்னங்கயிறு ஏன் மக்குகிறது? நனைவதால் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. நனைந்த பின் உலர வழியில்லாமல் குவியலாகக் கிடப்பதுதான் அதைத் தின்கிறது. பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் கொஞ்சம் வேண்டும், அசையாத இடம் வேண்டும். ஈரக் கயிற்றைச் சுருட்டித் தொழுவத்து மூலையில் போட்டால் மூன்றும் கிடைத்துவிடும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டும் ஐப்பசி கார்த்திகையில் உலர்ந்த கயிறுகூட ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் கவனம் கூடுதலாக வேண்டும்.

நம் கடற்கரைக்காரர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். கட்டுமரம் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். மறுநாள் கடலுக்குப் போகும்போது மறுபடி கட்டுவார்கள். மரமும் காயும், கயிறும் காயும். சென்னைக்குத் துறைமுகம் வருமுன் கப்பலில் வந்தவர்களைக் கரைக்குக் கொண்டுவந்த மசூலாப் படகுகளில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தார்கள். அலை தூக்கி அடிக்கும்போது ஆணியடித்த படகு பிளந்துவிடும், கயிற்றால் தைத்தது நெளிந்து கொடுக்கும். தென்னை நார் அறுவதற்கு முன் தன் நீளத்தில் கால்பங்கு வரைகூட நீளக்கூடியது. சணல் நார் இரண்டு சதவீதம்கூட நீளாது. வலுவில் சணல் மேல், விட்டுக்கொடுப்பதில் தென்னை மேல். திடீர் வெட்டு இழுப்பு வரும் இடத்துக்குத் தென்னங்கயிற்றைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

இன்னொரு குணத்தையும் அறிந்திருக்க வேண்டும். நார் நனைந்தால் தடிமனில் உப்பும், நீளத்தில் அநேகமாக மாறாது. தடித்த நார்களைச் சுற்றிப்போக முறுக்குக்கு அதிக நீளம் தேவைப்படுவதால் கயிறு மொத்தமாகக் குறுகும். விறைப்பாகக் கட்டிய துணிக்கொடி மழையில் ஆணியைப் பிடுங்குவதும், நனைந்த முடிச்சு கையால் அவிழாமல் போவதும் இதனால்தான். வெளியில் கட்டும் கயிற்றுக்குக் கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டுங்கள். நனைந்த முடிச்சைக் கத்தியால் அறுக்காமல் காயவிட்டால், பெரும்பாலும் தானே இளகிவிடும். பருத்திக் கயிறு நனைந்தால் வலு கூடும். சணல் நனைந்தால் வலு குறையும். ஈரச் சணலில் பாரம் தூக்காதீர்கள்.

அன்றாடப் பராமரிப்பு

புதுத் தென்னங்கயிற்றைத் துணிக்கொடியாகக் கட்டுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரில் ஊறவையுங்கள். பழுப்புச் சாயம் இறங்கும். தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி ஊறவைத்துக் காயவிட்ட பிறகு கட்டினால், வெள்ளைத் துணியில் கறை படியாது.

அழுக்கோ உப்புத் தண்ணீரோ பட்ட கயிற்றை வெறும் நல்ல தண்ணீரில் அலசினால் போதும். உப்பு உள்ளே தங்கினால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம், அது நாரையே அரிக்கும். பேட்டரி ஆசிட் இருக்கும் இடத்தில் கயிற்றை வைக்காதீர்கள். உர மூட்டைக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

அலசிய பிறகு காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். கொஞ்ச நேரம் வெயில் படுவதில் தப்பில்லை. கயிற்றுக் கட்டிலை வெயிலில் போட்டு மூட்டைப்பூச்சியை விரட்டுவது காலம்காலமாக நடப்பதுதான். ஆனால் வருடம் முழுக்க வெயிலிலேயே கிடக்கும் கயிறு மேலே வெளிறி, சாம்பல் பூத்து, தொட்டால் நொறுங்கும். தொங்கவிட மரமுளை நல்லது. துருப்பிடித்த ஆணியில் மாட்டினால் துரு நாரில் இறங்கி அந்த இடத்தை அரித்துவிடும். பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரணில் கயிறும் கூடையும் கிடந்ததற்கு அர்த்தம் உண்டு: எப்போதும் உலர்ந்த காற்று, பூச்சியை அண்டவிடாத புகை. அந்த வசதி இன்று இல்லாத வீட்டில், தரையில் படாமல், சுவரில் ஒட்டாமல், தளர்ந்த வட்டமாக மாட்டினால் போதும். பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி வைப்பது மட்டும் வேண்டாம்.

நிரந்தரமாக ஈரத்தில் கிடக்க வேண்டிய நூலுக்கும் கயிற்றுக்கும் ஒரு காப்பு தேவைப்பட்டது. பருத்தி வலை பயன்படுத்திய காலத்தில் மீனவர்கள் பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் வலையைத் தோய்ப்பார்கள். காயின் துவர்ப்புச் சத்து நூலில் ஏறினால் நுண்ணுயிர்கள் சீக்கிரம் தொடாது. ஐரோப்பியக் கப்பல்களில் சணல்போன்ற நார்க் கயிறுகளுக்குத் தார் பூசியதும் இதே நோக்கத்தில்தான்.

முனையும் தேய்மானமும்

நைலான் முனையை நெருப்பில் உருக்கி அடைத்துவிடலாம். நார்க் கயிறு உருகாது. முனையைச் சும்மா விட்டால் அங்கிருந்து முறுக்கு அவிழ்ந்து உள்ளே உள்ளே ஏறும். பருத்தி நூலில் மெழுகு தேய்த்து, முனையருகே கயிற்றின் தடிமனைப்போல் ஒன்றரை மடங்கு அகலத்துக்கு நெருக்கமாகச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். வெட்டுவதாக இருந்தால் வெட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் முதலில் கட்டிவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.

கிணற்றுக் கயிற்றை எடுத்துக்கொள்வோம். வாளி கட்டிய முனை எப்போதும் தண்ணீரில். கப்பியில் ஓடும் பகுதி எப்போதும் உராய்வில். கையில் மிஞ்சும் முனை கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கும். அதனால் வாளி முனை நைந்ததும் ஒரு முழம் வெட்டிவிட்டு மறுபடி கட்டலாம். இன்னும் கொஞ்ச நாள் கழித்துக் கயிற்றையே தலைகீழாக மாற்றிப் போட்டால் புது முனை தண்ணீருக்குப் போகும். எந்தக் கயிற்றிலும் தேய்மானம் ஒரே இடத்தில் உட்காராதபடி பார்த்துக்கொள்வது, எண்ணெய் பூசுவதைவிட, மருந்து அடிப்பதைவிடப் பலன் தரும். செலவும் கிடையாது. துணிக்கொடியில் ஆணி பிடிக்கும் இடத்தை நகர்த்துங்கள். கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். அதற்காகத்தான் அந்தப் பகுதியைத் தனியாக விட்டுப் பின்னியிருக்கிறார்கள்.

அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டுச் சேர்த்தால் முடிச்சின் இடத்தில் ஏறக்குறைய பாதி வலு போய்விடும். முறுக்குக் கயிற்றைப் புரி கோத்துச் சேர்ப்பது இதைவிட எவ்வளவோ மேல். சரியாகச் செய்தால் 10 முதல் 15 சதவீத இழப்போடு தப்பிக்கலாம். இரண்டு முனைகளிலும் மூன்று புரிகளையும் ஒரு சாணுக்குப் பிரியுங்கள். ஒரு பக்கத்துப் புரி, மறுபக்கத்துப் புரி என்று மாறி மாறி வரும்படி இரண்டையும் நெருக்கி வையுங்கள். ஒவ்வொரு புரியையும் எதிர்க்கயிற்றின் ஒரு புரிக்கு மேலே கொண்டுபோய் அடுத்த புரிக்கு அடியில் நுழைத்து இழுங்கள். இரண்டு பக்கமும் மூன்று சுற்று இப்படிக் கோத்தால் போதும். நார் சொரசொரப்பானது, பிடித்துக்கொள்ளும். வழுக்கும் நைலானுக்கு ஐந்து சுற்றாவது வேண்டும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு கோத்தால் நார் வளைந்து கொடுக்கும்.

இது இன்னும் தாங்குமா?

வெளிப்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து முறுக்குக்கு எதிராகத் திருப்புங்கள். புரிகள் விலகி உள்பக்கம் தெரியும். உள்ளே நிறம் பளிச்சென்று, நார் முழுசாக இருந்தால் நல்ல கயிறு. பொடி உதிர்ந்தாலோ, கறுத்துப்போயிருந்தாலோ, புளித்த பூஞ்சை வாடை வந்தாலோ அதன் பாரம் தூக்கும் காலம் முடிந்தது. நடுவிலிருந்து ஒரு நாரை உருவி இழுத்துப் பாருங்கள். விரலில் வெட்டிக்கொண்டு அறுந்தால் உயிர் இருக்கிறது. சத்தமில்லாமல் பிய்ந்து வந்தால் இல்லை. ஒரே இடத்தில் மெலிந்திருப்பது, எலி கடித்த தடம், துருக்கறை ஆகியவற்றையும் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் கெட்டிருந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் புரி கோத்துச் சேர்க்கலாம். பல இடங்களில் கெட்டிருந்தால் மொத்தமாகவே வேலையை மாற்றிவிடுங்கள்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மனித உயிரைத் தாங்கும் எந்த வேலைக்கும் பழைய நார்க் கயிறு கூடாது. ஊஞ்சல், தொட்டில், கிணற்றில் இறங்குவது, மரம் ஏறுவது எல்லாவற்றுக்கும் புதிய, வலு தெரிந்த கயிறுதான். கிணற்றுக் கயிறு ஓய்ந்ததும் வேப்பமரத்தில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டுவது பல வீடுகளில் பழக்கம். அதை விட்டுவிடுங்கள்.

மறுபடி மறுபடி

நார்க் கயிற்றை மறுபடி பயன்படுத்துவது என்றால், ஒவ்வொரு முறையும் பாரம் குறைந்த வேலைக்கு அதை இறக்கிக்கொண்டே போவது. கிணற்றில் ஓய்ந்தது துணிக்கொடிக்கு ஆகும். கொடியாகவும் தளர்ந்தது வைக்கோல் கட்டவும் விறகு கட்டவும் ஆகும். பொங்கலுக்கு மாட்டுக்குப் புதுக்கயிறு மாற்றும் வீடுகளில் பழைய தலைக்கயிறும் கழுத்துக்கயிறும் ஒன்றாக மிஞ்சும். அவற்றை அலசிக் காயவைத்துப் பரணில் போட்டால் வருடம் முழுக்கக் கட்டுக்கயிறுக்கு அலைய வேண்டாம்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது பந்தல். பாகல், புடலை, பீர்க்கு எதுவானாலும் பழைய தென்னங்கயிற்றின் சொரசொரப்பில் கொடியின் பற்றுக்கம்பி நன்றாகப் பிடிக்கும். வழுவழுப்பான நைலானில் வழுக்கும். காய்ப்பு முடிந்ததும் காய்ந்த கொடியைக் கயிற்றோடு சேர்த்து அறுத்து அப்படியே உரக்குழியில் போட்டுவிடலாம். நைலான் பந்தலைப் பிரித்தவர்களுக்குத் தெரியும், காய்ந்த கொடிகளுக்குள்ளிருந்து இழையை உருவி எடுப்பது எத்தனை பெரிய வேலை என்று. உருவாமல் விட்ட துண்டு மண்ணில் கிடந்து அடுத்த உழவில் கலப்பையில் சுற்றும், மாட்டின் வயிற்றுக்குள்ளும் போகும். பந்தலுக்கு நார்க் கயிறுதான் சரி என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவே காரணம்.

கயிறு நைந்திருந்தாலும் அதன் புரிகளில் ஒன்றிரண்டு நன்றாக இருக்கும். பிரித்து, நல்ல இழைகளை எடுத்து, ஈரம் தெளித்து மெல்லிய கயிறாகத் திரிக்கலாம். இழையை நடுவில் மடக்கி, மடிப்பை ஒரு ஆணியில் மாட்டுங்கள். இரண்டு காலையும் ஒரே திசையில் முறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக எதிர்த்திசையில் போடுங்கள். ஒரு கால் மெலியும்போது புது நாரைச் செருகித் தொடருங்கள். இரண்டு காலும் ஒரே இடத்தில் மெலியாமல் முன்பின்னாக இருக்கட்டும். உள்ளங்கைக்கும் தொடைக்கும் நடுவில் உருட்டித் திரிக்கும் பழைய முறையும் இதுதான். பூச்செடி கட்ட, பொட்டலம் கட்ட இந்தக் கயிறு போதும்.

தடித்த பழங்கயிற்றை வட்டமாகச் சுற்றி நூலால் தைத்தால் பானை வைக்கப் பிரிமனை. பெரிதாகச் சுற்றினால் வாசலில் கால்மிதி. மணிபிளான்ட் தொட்டியில் நட்ட குச்சியைச் சுற்றித் தென்னங்கயிற்றை நெருக்கமாகச் சுற்றினால் வேர்கள் ஈரத்தோடு பற்றி ஏறும். முழுக்கப் பிரித்துவிட்ட நார் பாத்திரம் தேய்க்க ஆகும்; அதற்குப் பெயின்டோ எண்ணெயோ படாத கயிறாக இருக்க வேண்டும்.

வெளியுலகத்திலும் பழங்கயிற்றுக்கு நல்ல மதிப்பு இருந்தது. பாய்மரக் கப்பல் காலத்தில் ஓய்ந்த கயிறுகளைப் பஞ்சுபோல் பிரித்துத் தாரில் தோய்த்து, பலகை இடுக்குகளில் அடித்து ஒழுக்கை அடைத்தார்கள். பிரிக்கும் வேலையை இங்கிலாந்தில் சிறைக் கைதிகள் தலையில் கட்டினார்கள். விரல் நகம் பெயரும் வேலை அது. அமெரிக்காவில் 1840களில் பழைய மணிலாக் கயிறுகளை அரைத்து உறுதியான காகிதம் செய்தார்கள். இன்று அலுவலகங்களில் இருக்கும் பழுப்பு நிற மணிலா கவருக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான்.

கடைசியில் மண். தென்னை நார் மெதுவாகத்தான் மக்கும். மண் அரிப்பைத் தடுக்கச் சரிவுகளில் விரிக்கும் தென்னை நார் வலை மூன்று முதல் ஐந்து வருடம் வரைகூடத் தாங்குகிறது. சணல் வலை அதற்கு வெகுமுன்னே மக்கிவிடும். அதனால் உரக்குழியில் போடுமுன் கயிற்றை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, புரி பிரித்து, சாணக்கரைசலில் நனைத்துப் போடுங்கள். வெட்டப் பொறுமை இல்லையென்றால் தென்னை மரத்தடியிலோ வாழையடியிலோ வட்டமாகப் பரப்பி மேலே இலைதழை போட்டுவிடலாம். மக்கும்வரை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். எஞ்சின் ஆயில் குடித்த கயிறு, பூச்சிமருந்து மூட்டை கட்டிய கயிறு, பிளாஸ்டிக் இழை கலந்த கயிறு மூன்றையும் மட்டும் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு இழையை எரித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.